டாக்டர் கிடைத்துவிட்டார், தனியாகப் பேசத்தான் இடமில்லை

இங்கிலாந்தில் பிள்ளைகளுக்கான மனநலச் சேவையைக் கேம்ஸ் என்பார்கள். ஜிபி என்கிற குடும்ப டாக்டரோ பள்ளிக்கூடமோ எழுதிக் கொடுத்து, முதல் சந்திப்புக்குக் கூப்பிடுவதற்குள் மாதக்கணக்கில் ஓடிவிடும். அதைப் பார்த்துப் பழகிய எனக்கு, இந்த முறை ஊருக்குப் போனபோது அக்கா மகளுக்கு மறுநாளே மனநல மருத்துவரிடம் அப்பாயின்ட்மென்ட் கிடைத்ததை நம்பவே முடியவில்லை. பரிந்துரைக் கடிதம் வேண்டாம், போன் போட்டோம், வரச் சொன்னார்கள்.

பெண்ணுக்குப் பதினேழு வயது. தலைவலி, வயிற்றுவலி என்று ஆரம்பித்து, பள்ளிக்கூடம் போவதே நின்றுவிட்டது. அதுவரை எடுத்த ஸ்கேன்கள் எல்லாம் நார்மல். இந்த வயதில் பதற்றமும் மனச்சோர்வும் பல நேரம் உடம்பு வலியாகத்தான் முதலில் வெளியே வரும். 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை அக்காவிடம் சொன்னேன். "அது வேற பிள்ளைங்களுக்கு இருக்கும்டி" என்றாள். வீட்டில் மற்றவர்களிடம் நரம்பு டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினோம்.

தனியார் மருத்துவமனை, பளபளப்பான கட்டடம். ஆனால் பதிவு செய்யும் இடத்தில், பின்னால் வரிசை நிற்கும்போதே, "பேஷன்ட் யாரு, என்ன பிராப்ளம்?" என்று சத்தமாகக் கேட்டார்கள். அக்கா "தூக்கம் வரல" என்று முனகினாள். ஃபைல் அட்டையில் துறையின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. பெண் அதை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். இதை மாற்ற நிதி ஒதுக்கீடா வேண்டும்?

உள்ளே டாக்டர் பெண்ணிடம் கேட்கிறார், அக்கா பதில் சொல்கிறாள். "அவங்களே சொல்லட்டும்மா." "அவளுக்குச் சொல்லத் தெரியாது டாக்டர்." இப்படியே நேரம் போனது. டாக்டர் நல்லவர்தான், பொறுமைசாலிதான். ஆனால் வெளியே கூட்டம். கடைசியில் நானே, "கொஞ்சம் தனியா பேசிப் பாருங்களேன்" என்றேன். பக்கத்து அறையில் இருந்த உளவியல் நிபுணரிடம் அனுப்பினார்.

அந்த அம்மா எங்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டே முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்: இவள் சொல்வது என்னோடு இருக்கும், உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உங்களிடம் சொல்வேன். அதற்குப் பிறகு எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். பயணம் முழுக்க நான் பார்த்ததில் மிகச் சிறந்த சிகிச்சை அதுதான். அக்காவுக்குத்தான் முகம் தொங்கிப்போயிற்று.

மருந்து ஃப்ளூவாக்ஸெடின், மனச்சோர்வுக்குத் தருவது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நன்றாக இருக்கிறதே என்று நாமாக நிறுத்தக் கூடாது என்றார்கள். இளம் வயதினருக்குத் தொடக்க வாரங்களில் படபடப்போ தற்கொலை எண்ணமோ கூடுகிறதா என்று கவனிக்க வேண்டும். அதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். கேட்காதவர்கள் என்ன செய்வார்கள்?

நம்மைப் போல விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். கவனக்குறைவு, துறுதுறுப்புக்கு உங்கள் பிள்ளை மெத்தில்ஃபெனிடேட் சாப்பிடுகிறதென்றால், இந்தியாவில் அது கடும் கட்டுப்பாடுள்ள எக்ஸ் அட்டவணை மருந்து. சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் வைத்துக்கொள்வார். பல கடைகளில் இருப்பே கிடையாது. டாக்டர் கடிதத்தோடு தேவையான அளவை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

சட்டம் என்று பார்த்தால் இந்தியா மோசமில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழே உள்ளவரை உள்நோயாளியாகச் சேர்த்தால் பெரியவர்களிடமிருந்து தனியாக வைக்க வேண்டும், பாதுகாவலரோ அவர் அமர்த்தும் ஒருவரோ கூடவே இருக்க வேண்டும், 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ராத்திரியில் பயந்தால் அழைக்க 14416 இருக்கிறது. 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். பெண்ணின் போனில் அந்த எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். அக்காவின் போனிலும்தான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் 18 ஆனதும் கேம்ஸ் பெரும்பாலும் கைகழுவிவிடும், பெரியவர்கள் சேவையில் மறுபடி வரிசை. பல பிள்ளைகள் அந்த இடைவெளியில்தான் தொலைந்துபோகிறார்கள். ஊரில் அதே டாக்டர், அதே ஃபைல், பிறந்தநாள் வந்தாலும் எதுவும் மாறாது. சிக்கலும் அதுவேதான். இங்கே இங்கிலாந்தில் 16 வயதிலேயே சிகிச்சைக்குப் பிள்ளை தானே சம்மதம் தரலாம். அங்கே சட்டப்படி 18 முடிந்தால் அவள்தான் முடிவெடுக்க வேண்டும், ஆனால் நாற்காலியில் அம்மாதான் முதலில் உட்காருவாள்.

அடுத்த சந்திப்பு வீடியோவில். அதற்கு முந்தின நாள் அக்கா எனக்குப் போன் செய்தாள். "ஃபீஸ் கட்டுறது நானு, நான் ஏன் பக்கத்துல உட்காரக் கூடாது?" அதை டாக்டரிடமே கேள் என்று சொல்லிவிட்டேன்.