உங்கள் பெயரில் டொமைன், இன்னொருவர் கையில் சாவி: மீட்க எந்த வழி நல்லது?

நெல்லைப் பக்கம் பேர் எடுத்த வில்லிசைக் கலைஞர், பட்டிமன்றப் பேச்சாளர், வட்டாரத் தலைவர் என்று யாரை எடுத்துக்கொண்டாலும், அவர் பெயரில் உள்ள டொமைன், அதாவது இணையதள முகவரி, பல நேரம் அவர் கையில் இருக்காது. வெப்சைட் செய்து கொடுத்தவர் தன் ஜிமெயிலில் பதிந்து வைத்திருப்பார், இல்லையென்றால் எங்கோ இருக்கும் தரகர் ஒருவர் பிடித்துப் போட்டு விலை சொல்லிக்கொண்டிருப்பார். மீட்க நாலு வழி உண்டு. ஆனால் எல்லா வழியும் எல்லாருக்கும் பொருந்தாது.

போனது டாட் காம் என்றால் யுடிஆர்பி. டொமைன் பெயர்களை உலக அளவில் நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு 1999-ல் கொண்டுவந்த, தகராறு தீர்க்கும் நடைமுறை இது. ஜெனீவாவில் இருக்கும் உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவிடம் மனுப் போடலாம். ஒரு நடுவர் போதும் என்றால் ஐந்து டொமைன் வரை கட்டணம் 1,500 டாலர். எதிராளி பதில் சொல்ல 20 நாள், எல்லாம் மெயிலிலேயே நடக்கும், யாரும் விமானம் ஏற வேண்டாம். ஜெயித்தால் டொமைன் கைக்கு வரும், நஷ்ட ஈடு மட்டும் கிடையாது. சிக்கல் என்னவென்றால், அது என் பெயர் என்று சொன்னால் போதாது, அந்தப் பெயர் வணிக முத்திரை (டிரேட்மார்க்) போல மக்களிடம் புழங்குகிறது என்று காட்ட வேண்டும், அதோடு எதிராளி கெட்ட எண்ணத்தில் பதிந்தார், கெட்ட எண்ணத்தில் பயன்படுத்தவும் செய்தார் என்று இரண்டையும் நிரூபிக்க வேண்டும். ஹாலிவுட் நடிகை ஜூலியா ராபர்ட்ஸ் தன் பெயரிலான டொமைனுக்காகப் போய் 2000-ல் ஜெயித்தார். பதிந்தவர் அந்த டொமைனை ஈபேயில் ஏலத்துக்கு விட்டிருந்தார். அடுத்த வருஷமே புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தோற்றார், அவ்வளவு பெரிய பாடகர்! அமெரிக்க அரசியல்வாதி கேத்லீன் கென்னடி டவுன்சென்ட் 2002-ல் தோற்றார், பெயரை வைத்து வணிகம் செய்யாத அரசியல்வாதிக்கு இந்த நடைமுறை உதவாது என்று நடுவர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் சம்பளம் வாங்கிக் கச்சேரி செய்கிற கலைஞர் இந்த வழியில் போகலாம். நம்ம ஊர்க் கவுன்சிலருக்கு இது வேண்டாம்.

டாட் இன் என்றால் கதை வேறு, எனக்குப் பிடித்த வழியும் இதுதான். டாட் இன் பெயர்களை நிர்வகிக்கும் நிக்சி நடத்தும் ஐஎன்டிஆர்பி என்ற தகராறு நடைமுறை 2005-லிருந்து இருக்கிறது. இதன் விதியில் வணிக முத்திரையோடு பெயரும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது, அது நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய பலம். பதிந்தது, பயன்படுத்தியது இரண்டில் ஒன்று கெட்ட எண்ணம் என்று காட்டினாலே போதும். நடுவர் செலவுத்தொகை கொடுக்கச் சொல்லவும் முடியும்.

அரசியலில் இருப்பவருக்கு நான் கோர்ட்டைத்தான் சொல்வேன். இந்தியாவில் டொமைன் அபகரிப்புக்கென்று தனிச்சட்டம் இல்லை, ஆனால் டொமைன் பெயருக்கும் வணிக முத்திரைக்குரிய பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சத்யம் இன்போவே வழக்கில் சொல்லிவிட்டது. அருண் ஜெட்லி தன் பெயரிலான டாட் காமுக்காக 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் போய் 2011-ல் ஜெயித்தார். அவர் பெயர் தனித்த அடையாளம் பெற்றுவிட்டது என்று கோர்ட் ஏற்றுக்கொண்டது. யுடிஆர்பியில் டவுன்சென்டுக்குக் கிடைக்காதது இங்கே கிடைத்தது பாருங்கள். இடைக்காலத் தடை, நஷ்ட ஈடு இரண்டையும் கேட்கலாம். எதிராளி நெல்லை வண்ணாரப்பேட்டையில் ஆபீஸ் வைத்திருப்பவர் என்றால் பாளையங்கோட்டையில் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம், அப்பீல் என்றால் மதுரைக் கிளை. ஆனால் ஜெட்லிக்கே இரண்டு வருஷம் ஆனது, வாய்தாவுக்கு அலைய மனசும் காசும் வேண்டும்.

அப்புறம் விலை கொடுத்து வாங்குவது. அடுத்தவன் பேரை விற்றுச் சாப்பிடுகிறவனுக்குக் காசு கொடுக்க எனக்கு மனசு வராது. ஆனாலும் கேட்கும் தொகை அந்த 1,500 டாலரைவிட ரொம்பக் குறைவு என்றால், வயசான கலைஞரிடம், ‘வாங்கிவிடுங்கள் அண்ணாச்சி’ என்றுதான் நான் சொல்வேன்.

வெப்சைட் செய்தவரோடு தகராறு என்றால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். டொமைனுக்கு நீங்கள் பணம் கட்டிய ரசீது, உங்கள் பெயரில் பதியச் சொன்ன வாட்ஸ்அப் செய்தி இருந்தால் யுடிஆர்பியிலும் ஜெயிக்க வாய்ப்பு உண்டு. அவருக்கு நீங்கள் பாக்கி வைத்திருக்கிறீர்கள், அதனால்தான் தராமல் இழுக்கிறார் என்றால், அது ஒப்பந்தத் தகராறு, கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நடுவர் ஒதுங்கிவிடக்கூடும். அந்தப் பாக்கியைத் தீர்த்துவிட்டுப் பேசுவதே மேல், அவர் உழைப்புக்கும் கூலி உண்டு.

எந்த வழியில் போனாலும், நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், விலை சொன்ன மெயிலை அழிக்காதீர்கள். பதிந்த செலவுக்கு மேல் விலை பேசி உங்களிடமே விற்கப் பார்த்தார் என்பது கெட்ட எண்ணத்துக்கு நல்ல சாட்சி. இல்லையென்றால், நோட்டீஸ் போன மறுநாளே அந்தப் பக்கம் ரசிகர் மன்றப் பக்கமாக மாறி, கெட்ட எண்ணமே இல்லை என்று அவர் சொல்லிவிடலாம்.