ஜிஎஸ்எம் பார்த்து வாங்கிய கேபினெட்

திருப்பூரில் என் வேலை பனியனுக்குப் பேட்டர்ன் போடுவதும், அதன் நெஞ்சில் வரும் பிரிண்டைக் கோரல்டிராவில் வரைவதும். அலுவலகம் என்று நான் சொல்லிக்கொள்ளும் அறை ஒரு நிட்டிங் யூனிட்டின் மாடியில் இருக்கிறது. கீழே பதினொரு வட்ட மெஷின்கள். ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் பஞ்சை ஊதித் தள்ள ஒரு விசிறி சுழன்றுகொண்டே இருக்கும். ஊதித் தள்ளிய பஞ்சு எங்கே போகும்? படியேறி என் அறைக்கு வரும். மேசை, பீரோ, டீ கிளாஸ், என் புருவம் என்று பாகுபாடு பார்க்காமல் உட்காரும். கம்ப்யூட்டருக்குள்ளும் உட்காரும். எனவே கம்ப்யூட்டரின் பாகங்களை அடைத்து வைக்கும் பெட்டியான கேபினெட்டைப் பற்றி நான் எழுதப்போகும் இந்த மதிப்புரை, பஞ்சோடு குடித்தனம் நடத்தும் ஒருத்தியின் மதிப்புரை. குளிரூட்டிய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடுகிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

பழைய கேபினெட்டை என் அண்ணன் மகன்தான் தேர்ந்தெடுத்தான். அப்போது அவன் பிளஸ் டூ. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்குள் வானவில் நிறத்தில் விளக்குகள். "அத்தை, இரவில் பாருங்கள், தேர்த்திருவிழா மாதிரி இருக்கும்" என்றான். இருந்தது. திருவிழாக் கூட்டத்தில் மூச்சு முட்டுவது போலவே அதற்கும் முட்டியது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மூன்று விசிறிகளும் காற்றை இழுக்க வேண்டிய வழி, விளிம்பில் ஒரு சுண்டுவிரல்கூட நுழையாத இடுக்கு மட்டும். அந்த இடுக்கையும் பஞ்சு அடைத்தது. சென்ற ஏப்ரலில் நாற்பது பிரிண்ட் கோப்புகளை வரிசையாக ஏற்றுமதி செய்யவிட்டேன். ஐ5-12400 பிராசஸர் 91 டிகிரியில் கொதித்தது. உள்ளே இருக்கும் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் ஓடினால் அது மட்டுமே 170 வாட் தின்னும். பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றையும் இன்னொன்றில் முக்கால் பங்கையும் மூடிய பெட்டிக்குள் எரியவிட்டது போல.

ஒரு நாள் எரிச்சலில் முன்பக்கத்தை அப்படியே பிடுங்கி வைத்துவிட்டு அதே நாற்பது கோப்புகளை மறுபடி ஓட்டினேன். 77 டிகிரி. பதினான்கு டிகிரி இறங்கியது, ஒரு ரூபாய் செலவில்லாமல். பிராசஸரைக் குளிர்விக்கும் கூலரைப் புதிதாக வாங்கலாமா, அதற்கடியில் தடவும் பேஸ்ட்டை மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள். முன்பக்கத்தைக் கழற்றியதும் சூடு இறங்கினால் குற்றவாளி பெட்டிதான்.

அந்தப் பெட்டியை இன்னும் கொஞ்ச காலம் திறந்த மார்போடு ஓட்டியிருப்பேன். பக்கவாட்டுக் கண்ணாடி விடவில்லை. சுத்தம் செய்வதற்காக அதைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தேன். கீழ் முனை தரை டைல்ஸைத் தொட்டது. தட்டவில்லை, தொட்டது, அவ்வளவுதான். கண்ணாடி முழுவதும் கற்கண்டாகக் கொட்டியது. டெம்பர்டு கண்ணாடியின் நடுப்பகுதியைக் கையால் குத்தினாலும் தாங்கும். அதன் விளிம்பும் முனையும்தான் உயிர்நிலை. டைல்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. முனையில் ஒரு சிறு கீறல் ஆழமாக இறங்கினாலே உள்ளே இறுக்கி வைத்திருக்கும் விசை மொத்தமும் அவிழ்ந்துவிடும். இப்போதெல்லாம் கழற்றினால் நேராகக் கட்டில் மெத்தை மேல்தான் வைக்கிறேன். இரண்டு வாரம் கழித்துக்கூடப் பீரோவுக்கு அடியிலிருந்து கண்ணாடித் துணுக்கு வந்தது.

ஆக, புதியது ஒன்று. பட்ஜெட் 4,000 ரூபாய். அண்ணன் மகன் இப்போது கோவையில் பொறியியல் படிக்கிறான். திருவிழா மோகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. காந்திபுரத்தில் ஒரு கடைக்கு அழைத்துப் போனான். கடைக்காரர், "கேமிங்கா மேடம், ஸ்ட்ரீமிங்கா?" என்று கேட்டார். "பனியன்" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அந்தச் சுவர் முழுக்க இருபது கேபினெட்டுகள் விளக்கெரிய நின்றன. அவன் விவரக்குறிப்பு படித்தான். நான் துணி பார்த்தேன். துணியை எப்படிப் பார்ப்போம்? வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்போம். அதேபோல ஒவ்வொன்றின் முன்பக்கத்தையும் கழற்றச் சொல்லி, அதன் பின்னால் செல்போன் டார்ச்சை வைத்துப் பார்த்தேன். வலை என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்த சிலவற்றில் வெளிச்சமே வரவில்லை. வெளியே பார்வைக்கு ஓட்டை, உள்ளே பிளாஸ்டிக் தகடு. சிலவற்றில் இரும்பு வலைக்குப் பின்னால் நுரைப்பஞ்சு ஒட்டியிருந்தது. அது தூசியை மட்டுமல்ல, காற்றையும் நிறுத்தும். மூன்றில்தான் வெளிச்சம் தாராளமாக வந்தது.

அடுத்தது எடை. இது எங்கள் ஊர்ப் பழக்கம், ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று கேட்காமல் எதையும் வாங்க முடியாது. டி-ஷர்ட் துணி சதுர மீட்டருக்கு 180 கிராம் என்றால், அரை மில்லிமீட்டர் எஃகுத் தகடு ஏறக்குறைய 3,900 கிராம். முக்கால் மில்லிமீட்டர் என்றால் 5,900. ஒரே அளவுள்ள இரண்டு பெட்டிகளில் எது கனமோ அதில் தகடு தடிமன் என்று பெரும்பாலும் நம்பலாம். ஆனால் கண்ணாடி எடையைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட வேண்டும், அதுதான் ஏமாற்றும். அட்டைப்பெட்டியிலேயே நிகர எடை அச்சிட்டிருப்பார்கள். ஒன்றில் 4.1 கிலோ, பக்கத்திலேயே கிட்டத்தட்ட அதே அளவுள்ள இன்னொன்றில் 5.6 கிலோ. லேசானதன் பின்பக்கத் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன். எண்ணெய் டின் போல 'டக்' என்று உள்ளே போய் வெளியே வந்தது. அப்படிப்பட்ட பெட்டியில் திருகு துளைகள் ஒன்றுக்கொன்று நேர் நிற்காது, விசிறி ஓடினால் தகடும் சேர்ந்து பாடும்.

நான் வாங்கிய கேபினெட்டின் பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. அதே கடையில் அதே உடல் மூன்று பெயர்களில், மூன்று விலைகளில் இருந்தது. முன்பக்கச் சின்னம் மட்டும் வேறு. திருப்பூர்க்காரிக்கு இது அதிர்ச்சி இல்லை. ஒரே மேசையில் தைத்த பனியனுக்கு நான்கு நாட்டு லேபிள் கடைசியில்தான் ஏறும். இந்த விலையில் வரும் கேபினெட்டுகளில் பெயரைத் தேடுவதைவிட, திருகு துளைகள் இருக்கும் இடத்தையும் மேல்பக்க பட்டன்கள் வரிசையையும் பார்த்து எது எதோடு பிறந்தது என்று கண்டுபிடிப்பது பயனுள்ளது. விலை குறைந்த லேபிளை எடுத்தேன்: 3,650 ரூபாய்.

பெயருக்கு மதிப்புள்ளவையும் அங்கே இருந்தன. கோர்சேர் 4000டி ஏர்ஃப்ளோவைக் கடைக்காரர் 7,400 சொன்னார். விசிறி இரண்டுதான் வரும், ஆனால் தகட்டைத் தொட்டாலே வித்தியாசம் தெரிந்தது. லியான் லி லான்கூல் 216இல் முன்னால் 160 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டு, பின்னால் 140 ஒன்று. பெரிய விசிறி மெதுவாகச் சுற்றியே நிறையக் காற்று தரும். ஆசையாகத்தான் இருந்தது. விலையைக் கேட்டதும் ஆசை அடங்கியது. கீழ் வரிசையில், பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸை 450 வாட் என்று எழுதி இலவசமாகச் சேர்த்துத் தரும் பெட்டிகளும் இருந்தன. எழுதிய வாட்டை நம்ப முடியாத அந்த இலவசத்தை எடுத்து 170 வாட் கார்டோடு இணைப்பதைவிடக் கார்டைத் தெருவில் வைத்துவிட்டு வரலாம்.

பொருந்துமா என்பதை வீட்டிலேயே ஸ்கேலால் அளந்து எழுதிக்கொண்டு போயிருந்தேன். மதர்போர்டு மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற அளவு, 244க்கு 244 மில்லிமீட்டர். கூலர் 155 மில்லிமீட்டர் உயரம். கார்டு 242 நீளம். பெட்டி கூலருக்கு 160, கார்டுக்கு 330 என்று சொன்னது. போதும். போர்டுக்குப் பின்னால் கேபிள் ஒளிக்க இரண்டு சென்டிமீட்டராவது இடம் வேண்டும். இதில் அதற்குச் சற்றுக் குறைவு. கடைசியில் தகட்டை மூட அண்ணன் மகன் அதன் மேல் உட்கார வேண்டியதாயிற்று.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். நடத்துநர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார், கொடுத்தோம்.

இனி ஐந்து மாதப் பழக்கத்தில் தெரிந்தவை. முன்பக்கத்தைக் கீழே கைவைத்து இழுத்தால் வந்துவிடுகிறது, பின்னாலேயே நைலான் ஃபில்டர் தனியாகக் கழல்கிறது. மொத்தம் ஒன்றரை நிமிடம். இதற்காகவே இந்த 3,650 தகும். மேல்பக்கத்து வலைக்குக் காந்தத்தில் ஒட்டும் ஃபில்டர் இருக்கிறது. வழித்து உதறிவிட்டு ஒட்டினால் முடிந்தது. ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அடியில் இருக்கும் ஃபில்டர் பின்பக்கமாகத்தான் உருவ வரும். அதை எடுக்க அத்தனை ஒயரையும் கழற்றிப் பெட்டியை மேசையை விட்டு இழுக்க வேண்டும். இதை வடிவமைத்தவர் வீட்டில் பெருக்குகிறவர் வேறு யாரோ என்று நினைக்கிறேன்.

இன்னொரு சிக்கனம், கார்டின் முனை வெளியே தெரியும் பின்பக்க ஸ்லாட்டுகளில். முதல் மூடி மட்டும் திருகு போட்டது, மற்றவை தகட்டிலேயே பாதி வெட்டிவிட்டவை. வளைத்து ஒடித்தால் திரும்ப மூட முடியாது. கார்டை ஒரு ஸ்லாட் தள்ளிப் போட்டுப் பார்த்த ஆர்வத்தில் ஒன்றை வீணாக ஒடித்துவிட்டோம். அந்த ஓட்டையில் இப்போது அகல செலோடேப். ஓட்டை ஏன் உறுத்துகிறது என்றால், உள்ளே இழுக்கும் காற்று வெளியே தள்ளும் காற்றைவிடக் கூடுதலாக இருக்கும்வரை இடுக்குகளின் வழியே காற்று வெளியேதான் கசியும். இந்தக் கணக்கு தலைகீழானால் ஒவ்வொரு இடுக்கும் ஃபில்டர் இல்லாத வாயாகிவிடும், பஞ்சு அதன் வழியே நுழையும். அதனால்தான் முன்னால் இழுப்பவை அதிகம், பின்னால் தள்ளுவது ஒன்று என்று வைக்கிறோம்.

விசிறி விஷயத்தில்தான் நான் ஏமாந்தேன். முன்னால் மூன்று, பின்னால் ஒன்று, ஆக நான்கு விசிறி உள்ளேயே வருகிறது என்பதுதான் இந்தப் பெட்டியின் பெருமை. நான்குமே மோலெக்ஸ் இணைப்பு. அதாவது எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக 12 வோல்ட். சூடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே முழு வேகம். மதர்போர்டால் அதட்ட முடியாது. வாங்கிய வாரம் முழுக்க எனக்கு அது தெரியவே இல்லை, கீழே பதினொரு மெஷின் ஓடுகிறதே. ஞாயிற்றுக்கிழமை மெஷின்கள் நின்றதும்தான் அறையில் மாவு மில் ஓடுவது கேட்டது. நான்கு முள் இணைப்புள்ள ஆர்க்டிக் பி12 விசிறிகள் மூன்று வாங்கி முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று போட்டேன். இப்போது போர்டு சொல்லும் வேகத்தில் சுற்றுகின்றன. சாதாரண வேலையில் சத்தமே இல்லை. பழைய நான்கும் டிராயரில் கிடக்கின்றன, விளக்கு சகிதமாக.

பனியனுக்குப் போடுவது போலக் காஸ்ட்டிங் ஷீட் போட்டுப் பார்த்தேன். பெட்டி 3,650, விசிறி மூன்று 2,250, அடக்கம் 5,900. நான் வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்த 7,400 பெட்டிக்கும் இதற்கும் வித்தியாசம் 1,500தான். காகிதத்தில் 'பாதி விலை' என்று இருந்தது அப்படியே நிற்கவில்லை. சத்தத்தைப் பொறுத்துக்கொள்கிறவருக்கு இது 3,650க்கு நல்ல பெட்டி. என்னைப் போல ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்கிறவர், இன்னும் 1,500 சேர்த்துக்கொண்டு பெரிய லேபிளுக்கே போயிருக்கலாம். நான் போகவில்லை, பெரிய வருத்தமும் இல்லை. மே மாத வெயிலில் அதே நாற்பது கோப்புகளுக்கு 74 டிகிரி.

பென் டிரைவ் துளைகளைப் பற்றி ஒரு வரி. யுஎஸ்பி 3.0 ஒன்று, 2.0 இரண்டு, டைப்-சி கிடையாது. எல்லாம் மேல்பக்கம் வானத்தைப் பார்த்தபடி. பிரிண்ட் கோப்போடு பத்துப் பேர் வந்துபோகும் இடத்தில் வசதிதான், ஆனால் துளையிலும் பஞ்சு விழுகிறது. ஒரு பழைய பனியன் துண்டைத் தைத்துத் தொப்பி போட்டிருக்கிறேன்.

போன மாதம் நான் ஃபில்டரை உதறிக்கொண்டிருந்தபோது கீழ்த்தளத்துத் தம்பி ஒருவர் உதவி செய்வதாக கம்ப்ரெஷர் குழாயை இழுத்துக்கொண்டு மாடிக்கே வந்துவிட்டார். தடுத்து நிறுத்தினேன். அந்தக் காற்றில் ஈரம் இருக்கும். வேகத்தில் விசிறி இறக்கைகள் தாங்கக்கூடியதற்கு மேல் சுழன்று பேரிங் போகும். ஊதித்தான் ஆக வேண்டும் என்றால் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, தள்ளி நின்று ஊத வேண்டும். அவருக்கு மனம் சமாதானமாகவில்லை. ஃபில்டரிலிருந்து உரித்த பஞ்சைக் கையில் கொடுத்தேன். கம்பளித் துண்டு போல ஒரே ஷீட்டாக வந்திருந்தது. ஜிஎஸ்எம் தராசில் வைத்துப் பார்த்தார். ஒரு மாதத்துக்கு 3.4 கிராம்.

விஷயம் முதலாளி காதுக்கும் போய்விட்டது. அவருடைய பில்லிங் கம்ப்யூட்டருக்கும் கேபினெட் மாற்ற வேண்டுமாம், அடுத்த வாரம் என்னையும் அண்ணன் மகனையும் கோவைக்கு அழைக்கிறார். டார்ச் எடுத்து வைத்திருக்கிறேன். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியும் நிறைய விளக்கும் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.