கோடையில் குரங்கணி அருவி மலையேற்றம் என்று முன்பணம் கேட்பவர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணிக்கு அருவி பார்க்க அழைத்துச் செல்வதாகச் சமூக ஊடகங்களில் விளம்பரம் செய்யும் தனியார் குழுக்களிடம் முன்பணம் கட்டும் எண்ணத்தில் இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு முடிவெடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கடந்த மார்ச் மாதம் அப்படியொரு குழு, வனத்துறை அனுமதி, வழிகாட்டி, உணவு, தங்குமிடம் அனைத்தும் அடக்கம் என்று கூறி ஆளுக்கு 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டு எங்களை அழைத்துச் சென்றது. விளம்பரப் படத்தில் பாறையே தெரியாத அளவுக்கு அருவி கொட்டியது. மலையின் கிழக்குச் சரிவில் உள்ள இப்பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி மேற்கே மூணாறுப் பக்கமே பெய்து தீர்ந்துவிடும். மாசி, பங்குனியில் ஓடைகள் மெலிந்து, சரிவெங்கும் புல் காய்ந்து கிடக்கும் என்பது அங்கே ஆட்களைக் கூட்டிச் செல்வதையே தொழிலாகக் கொண்டவர்களுக்குத் தெரியாமலிருக்க வழியில்லை.

அருவியில் நீர் இல்லாததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அனுமதிச் சீட்டைக் கேட்டபோது அவர்கள் காட்டிய நகலில் வேறொரு தடத்தின் பெயர் இருந்தது. தேதியில் பழைய எண்ணின் மேலேயே நீல மையால் புதிய எண் எழுதப்பட்டிருந்தது. காட்டுத்தீக் காலத்தில் யாருக்கும் அனுமதியில்லை என்று சோதனைச்சாவடியில் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். அதன் பிறகு குழுவை நடத்தியவர், "விடியறதுக்கு முன்னாடி தோட்டத்து வழியா ஏறிடலாம் சார், எல்லாரும் அப்படித்தான் போறாங்க" என்றார்.

இதே மலைச்சரிவில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 23 பேர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல்லில் பற்றி, காற்றின் போக்கில் மேட்டை நோக்கி ஓடும் தீயை மனிதரால் ஓடி முந்த முடியாது. அந்த விபத்துக்குப் பிறகுதான் தமிழக அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வகுத்தது. இவ்வளவும் தெரிந்த ஒருவர், அதே மார்ச் மாதத்தில், சாவடிக்குத் தெரியாமல் எங்களை ஏற்றிவிடத் துணிந்தாரே என்ற கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

நாங்கள் ஏற மறுத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, இயற்கைக் காரணங்களால் பயணம் ரத்தானால் பணம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை காட்டுத்தீயை முன்னிட்டுத் தடங்களை மூடுவது வழக்கமாக இருக்கும்போது, அதை எதிர்பாராத இயற்கைக் காரணம் என்று சொல்வது அப்பட்டமான ஏமாற்று.

குரங்கணிப் பக்கம் போக விரும்புவோர் மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில், 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தின் இணையதளத்தில் நேரடியாகப் பதிவு செய்யலாம். 40 தடங்களோடு தொடங்கிய அத்திட்டத்தில் பயிற்சி பெற்ற உள்ளூர் மக்களே வழிகாட்டிகளாக வருகிறார்கள். தனியார் குழுவோடுதான் போவது என்றால், தடத்தின் பெயரும் தேதியும் தெளிவாக உள்ள அனுமதிச் சீட்டைப் பணம் கட்டுவதற்கு முன்பே வாங்கி, அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண்ணையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யுங்கள். நானும் பதிவு செய்திருக்கிறேன்.