மரீன்ட்ராஃபிக்: திருகோணமலையில் கப்பல் பார்க்க உதவுமா?

கோணேசர் கோயிலடியில் நின்று தூரத்தில் தெரியும் கப்பல் எதுவென்று அறிய இந்தச் செயலி போதும். வரைபடத்தைத் துறைமுகத்தின் மேல் பெரிதாக்குங்கள். பச்சைச் சின்னம் சரக்குக் கப்பல், சிவப்பு எண்ணெய்க் கப்பல், நீலம் பயணிகள் கப்பல். சின்னத்தைத் தட்டினால் பெயர், கொடி, வேகம் வரும். பெயர் மாறினாலும் கப்பலின் நிரந்தர அடையாளமான 7 இலக்க ஐ.எம்.ஓ. எண் மாறாது, தேடும்போது அதையே போடுங்கள்.

தகவல் வருவது கப்பலின் அடையாளத்தையும் இடத்தையும் தானாக அனுப்பும் ஏ.ஐ.எஸ். கருவியிலிருந்து. ஓடும்போது 2 முதல் 10 வினாடிக்கு ஒருமுறை, நங்கூரமிட்டால் 3 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும். வி.எச்.எஃப். எனும் வானொலி அலை என்பதால் கரையிலுள்ள ஏற்பிக்கு எட்டும் தூரம் ஏறக்குறைய 40 கடல் மைல்தான். அதைத் தாண்டிய கப்பல் பழைய இடத்திலேயே உறைந்து நிற்கும். செய்மதித் தரவுக்குக் காசு கட்ட வேண்டும். சும்மா பார்ப்பவருக்கு அது வீண்செலவு. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது 'கடைசியாகக் கிடைத்த நேரம்'. யு.டி.சி. (உலகப் பொது நேரம்) என்றிருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள்.

சேருமிடத்தை அப்படியே நம்ப வேண்டாம். மாலுமிகள் கையால் பதிவது. சீனக்குடாவில் கோதுமை இறக்கும் கப்பல்கூட முன்பு போன துறைமுகத்தின் பெயரையே காட்டிக்கொண்டிருக்கலாம். 'ஓடுகிறது' என்ற நிலையும் அப்படித்தான். வேகம் 0.1 நொட் (மணிக்கு 0.1 கடல் மைல்) என்றால் அது நிற்கிறது.

மீன்பிடிப் படகுகளை இதில் தேடிப் பயனில்லை. ஏ.ஐ.எஸ். கருவி கட்டாயம் என்பது பெரும்பாலும் 300 தொன்னுக்கு மேற்பட்ட சர்வதேசக் கப்பல்களுக்கே. கடற்படைக் கப்பல்களும் கருவியை அணைத்து வைக்கலாம்.