பழைய கோல்ஃப் கார்ட்டுக்கு மாற்று கிளட்ச்: வாங்கிய மூன்று பொட்டலங்கள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள பீச்ட்ரீ சிட்டியில், கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டிராதவர் வீட்டிலும் ஒரு கோல்ஃப் கார்ட் நிற்கும். ஊருக்குள் 100 மைலுக்கும் மேல் தனிப் பாதைகள் இருப்பதால் கடைக்குப் போவதும் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் அதில்தான். எங்கள் வண்டி கிளப் கார் நிறுவனத்தின் 1998-ஆம் ஆண்டு டிஎஸ் மாடல். கவாசாகியின் எஃப்இ290 பெட்ரோல் எஞ்சின், 286 சிசி. சென்ற கோடையில் அது மேட்டில் கிளம்பும்போதெல்லாம் உதறத் தொடங்கியது. நின்ற பிறகு ரப்பர் கருகும் வாடையும் வந்தது. அதைச் சரிசெய்ய ஒரு முழு கிளட்ச், ஒரு பட்டன் தொகுப்பு (கிளட்ச்சுக்குள் வழுக்கும் சிறு பிளாஸ்டிக் துண்டுகள்), ஒரு பெல்ட் என்று மூன்றை வாங்கினேன். அவற்றில் எதற்குக் காசு கொடுத்தது நியாயம், எதற்குக் கொடுத்தது என் அவசரம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

கியர் இல்லாத ஸ்கூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. எஞ்சின் பக்கம் ஒரு கப்பி, சக்கரத்தின் பக்கம் ஒரு கப்பி, நடுவே ஒரு பெல்ட். ஸ்கூட்டரில் எஞ்சின் ஓடும்போதே பெல்ட்டும் ஓடிக்கொண்டிருக்கும். சக்கரத்தைப் பிடிப்பது பின்னால் இருக்கும் தனி ஷூ கிளட்ச். கோல்ஃப் கார்ட்டில் அந்த ஷூ கிடையாது. எஞ்சின் பக்கத்துக் கப்பியே கிளட்ச்சாகவும் வேலை செய்கிறது: எஞ்சின் வேகம் ஏறும்போது உள்ளிருக்கும் எடைகள் வெளிப்புறம் விரிந்து, நகரும் தட்டைத் தள்ளி, அதுவரை தளர்ந்து கிடந்த பெல்ட்டைக் கவ்வ வைக்கின்றன. போதாததற்கு, இந்த வண்டியில் பெடலிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினே நின்றுவிடும். மறுபடி மிதித்தால்தான் கிளம்பும். ஒவ்வொரு முனையிலும் நின்று கிளம்பும் வண்டியில் அந்தத் தட்டு ஒரு நாளைக்கு எத்தனை முறை முன்னும் பின்னும் நகரும் என்று எண்ணிப் பார்த்தால், அதைத் தாங்கி வழுக்கும் சிறு பிளாஸ்டிக் பட்டன்கள் முதலில் தேய்வதில் வியப்பில்லை.

இதையெல்லாம் யோசிக்காமல் நான் முதலில் வாங்கியது 165 டாலருக்கு ஒரு முழு கிளட்ச். இணையத்தில் விற்கும் ஒரு கடை, பெயர் வேண்டாம். அசல் நிறுவனத்துப் பொருளல்ல என்று அவர்களே சொல்லியிருந்தார்கள், அதில் ஒளிவுமறைவில்லை. எடுத்துப் பார்க்கையில் பளபளப்பாகத்தான் இருந்தது. பொருத்திய பிறகு உதறல் குறைந்தது. ஆனால் எஞ்சின் வெகுநேரம் இரைந்த பிறகே பெல்ட்டைக் கவ்வியது, கவ்வும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல வண்டி பாய்ந்தது. இரண்டு வாரத்தில் எஞ்சின் அறை முழுதும் மை தூவியது போலக் கறுப்புத் தூள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஸ்குரூடிரைவர் முனையைத் தட்டின் விளிம்புக்கு அருகே அசையாமல் பிடித்துக்கொண்டு கிளட்ச்சைக் கையால் சுற்றினேன். ஓரிடத்தில் முனை உரசியது. அரைச் சுற்றில் ஒரு தீக்குச்சி நுழையும் இடைவெளி விழுந்தது. கோணலாகச் சுழலும் தட்டு பெல்ட்டின் பக்கங்களை அரைக்காமல் வேறென்ன செய்யும்? பொருத்திய பாகத்தைத் திரும்பப் பெற இயலாது என்று கடையிலிருந்து பணிவான பதில் வந்தது. மலிவு கிளட்ச் எல்லாம் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தட்டின் நேர்த்தி, எடைகள், ஸ்பிரிங்கின் வலு ஆகிய மூன்றையும் புகைப்படத்தைப் பார்த்து யாராலும் மதிப்பிட முடியாது.

அதன் பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்: கழற்றிப் போட்ட பழைய கிளட்ச்சைப் பிரித்தேன். பட்டன்கள் நகக்கண் அளவுக்குத் தேய்ந்து, ஒன்று விரிசலும் விட்டிருந்தது. அவை வழுக்கும் உலோகத் தூண்களை விரலால் தடவிப் பார்த்தேன், பள்ளம் விழவில்லை. பள்ளம் விழுந்திருந்தால் புதுப் பட்டன் போட்டும் பயனில்லை, முழு கிளட்ச்சைத்தான் மாற்ற வேண்டும். அசல் பட்டன் தொகுப்பு 28 டாலர். மூடியும் தட்டும் எந்த நிலையில் சேர்ந்திருந்தன என்று மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளாமல் பிரிக்கக் கூடாது, ஏனெனில் சமநிலை பார்த்துச் சேர்த்த அமைப்பு அது. கிரீஸ் தடவும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும். தூசு ஒட்டிக்கொண்டு தட்டு சிக்கும்.

கழற்றுவது பற்றி ஒரு சொல். கிளட்ச் உட்காருவது கூம்பு வடிவான தண்டில். நடு போல்ட்டை எடுத்தாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்கென விற்கும் புல்லர் போல்ட்டை உள்ளே முறுக்கினால் ‘டொக்’ என்ற சத்தத்தோடு விடுபடும். சுத்தியலால் தட்டியவர்கள் தட்டை வளைத்துவிட்டு, பிறகு பாகத்தைக் குறை சொல்கிறார்கள். புல்லரும் எல்லா வண்டிக்கும் ஒன்றல்ல. கிளட்ச்சோடு சேர்த்தே கேட்டு வாங்குவது நல்லது. திரும்பப் பொருத்தும்போது தண்டும் துளையும் எண்ணெய்ப் பிசுக்கின்றி உலர்ந்திருக்க வேண்டும்.

பெல்ட் 52 டாலர், அதுவும் அசல். பழையதில் ஓரிடம் மட்டும் கருகிக் குழிந்திருந்தது. மேட்டில் சிக்கி நின்றபடி பெல்ட் வழுக்கினால் விழும் தழும்பு அது. அகலத்தில் சிறு வித்தியாசம் இருந்தாலும் பெல்ட் கப்பியில் உட்காரும் உயரம் மாறி, கிளம்பும் தன்மையே மாறிவிடும் என்பதால் ‘ஏறக்குறைய அதே அளவு’ என்ற பேச்சை இங்கே நான் ஏற்பதில்லை. சக்கரப் பக்கத்துப் பின்கப்பியின் பட்டன்களை ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றிக்கொண்டேன். அதிலுள்ள ஸ்பிரிங் முறுக்கி அழுத்தப்பட்டது, தப்பினால் முகத்தில் அடிக்கும்.

‘வேகம் கூட்டும்’ கிளட்ச் ஸ்பிரிங்குகளையும் விற்பவர்கள் உண்டு. இந்த வண்டியின் கவர்னர், அதாவது வேகக் கட்டுப்பாட்டு அமைப்பு, சக்கர வேகத்தைப் பார்த்து எஞ்சினை அடக்குவது. ஆகவே சமதரையில் கிளட்ச் ஸ்பிரிங்கை மாற்றி வேகம் கூட்ட முடியாது. பின்கப்பியில் வலுவான ஸ்பிரிங் போட்டால் மேட்டில் இழுவை மேம்படும் என்பது மெய். 18 அங்குல டயருக்குப் பதில் 22 அங்குல டயர் மாட்டியவர்களுக்கு இழுவை ஏறத்தாழ 18 விழுக்காடு குறைவதால் அவர்களுக்கு அது பயன்படும். என்னைப் போல அசல் டயரோடு ஓட்டுபவருக்குத் தேவையில்லை.

கடைசியாக, அசல் பாகங்கள் வாங்கிய உள்ளூர் விற்பனையகத்தைப் பற்றி. கவுண்ட்டரில் இருந்த பெரியவர் மாடல் பெயரைக் கேட்கவே இல்லை, வரிசை எண்ணைக் கேட்டார். எங்கள் வண்டியின் எண் ‘ஏஜி98’ என்று தொடங்கும்: ஏ என்றால் டிஎஸ், ஜி என்றால் பெட்ரோல், 98 ஆண்டு, அடுத்த இரண்டு இலக்கங்கள் வாரம். அதை வைத்தே அவர் பெல்ட்டையும் பட்டனையும் எடுத்து வைத்தார். எனக்குப் பின்னால் நின்றவர் பழைய இ-இசட்-கோ வண்டிக்குக் கிளட்ச் கேட்டார். அவரிடம் முதல் கேள்வி எஞ்சின் இரண்டு ஸ்ட்ரோக்கா நான்கு ஸ்ட்ரோக்கா என்பது. அவருக்குப் பதில் தெரியவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லி, எதையும் விற்காமலே அனுப்பிவிட்டார் அந்தப் பெரியவர். அடுத்த பாகத்துக்கும் அவரிடமே போவேன்.