வரி, கப்பல், குதிரை: ஜூலை 10-க்கு எந்தப் படம்?

ஜூலை 10 வந்தால் வேலூர் மக்கான் பக்கம் உள்ள சிப்பாய்ப் புரட்சி நினைவுத்தூணுக்கு மாலை போடுவார்கள். அதையொட்டிப் பள்ளியிலோ வாசகர் வட்டத்திலோ ஒரு சரித்திரப் படம் போடலாமா என்று பேச்சு எழுந்தால், 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), 'கப்பலோட்டிய தமிழன்' (1961), 'ராஜா தேசிங்கு' (1960) ஆகிய பெயர்கள்தான் அடிபடும். மூன்றுக்கும் இசை ஜி. ராமநாதன். முதல் இரண்டுக்கும் இயக்குநர் பி.ஆர். பந்துலு, நாயகன் சிவாஜி. ஆகவே ஆளை வைத்துத் தரம் பிரிக்க வழியில்லை. சரித்திரத்தைக் கையாண்ட விதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஆவணத்தில் இல்லாத வசனத்தை எழுதுவது குற்றமில்லை. எழுதாமல் படம் எடுக்கவே முடியாது. நடந்தது ஏன் நடந்தது என்ற காரணம் கலைந்துபோனால்தான் வம்பு.

கட்டபொம்மனில் வரி கேட்கும் கலெக்டர் ஜாக்சனை எதிர்த்துப் பேசும் காட்சி எல்லோருக்கும் மனப்பாடம். 1960-இல் கெய்ரோ ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது வாங்கித் தந்த படம். நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வரியைக் கேட்கும் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எங்கிருந்து வந்தது? நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஆற்காடு நவாபின் கடனிலிருந்து. கடன் கழுத்தை நெரிக்கவே, பாளையக்காரர்களிடம் கிஸ்தி, அதாவது வரி, வசூலிக்கும் பொறுப்பை நவாப் முகமது அலி 1792 ஒப்பந்தத்தில் கம்பெனியிடம் விட்டார். (அப்போது அவர் குடியிருந்தது சேப்பாக்கத்தில், ஆற்காட்டில் அல்ல.) இது தெரியாமல் பார்த்தால், வெள்ளைக்காரன் திடீரென்று வந்து வரி கேட்டான் என்றுதான் தோன்றும்.

இன்னொரு சிக்கல், ஜாக்சனின் நிழல் படம் முழுக்க விழுந்துவிடுகிறது. கட்டபொம்மனை ஊர் ஊராக அலையவிட்ட பிறகு, 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் அந்தச் சந்திப்பு நடந்தது. கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் இறந்தார். பின்னால் நடந்த விசாரணையில் கட்டபொம்மன்மேல் தவறில்லை என்று முடிவானது. பதவி போனது ஜாக்சனுக்குத்தான். அடுத்த ஆண்டு படையோடு வந்தவர் பானர்மேன். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிட்டதும் அவரே. படத்திலும் பானர்மேன் உண்டு, ஜாவர் சீதாராமன் நடித்திருக்கிறார். ஆனாலும் பார்த்து முடித்த பிள்ளைகளிடம் தூக்கில் போட்டது யார் என்று கேட்டால், ஜாக்சன் என்றுதான் பதில் வரும்.

கப்பலோட்டிய தமிழன் அந்த அளவுக்குக் கைதட்டல் வாங்காது; வெளியானபோது வசூலும் இல்லை. ஆனால் காரணம் கலையவில்லை. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி எதற்குத் தொடங்கியது, 1908-இல் வ.உ.சி. எதற்குக் கைதானார், தண்டனை அவர் குடும்பத்தை என்ன செய்தது என்ற நூல் அறுபடாமல் போகிறது. பாட்டெல்லாம் பாரதியுடையவை. கோவைச் சிறையில் செக்கிழுக்கும் காட்சியை விடவும், விடுதலையாகி வெளியே வரும் காட்சியே கனமானது. வாசலில் கூட்டமில்லை. தொழுநோயால் உருமாறிப்போன தோழர் சுப்பிரமணிய சிவா ஒருவர் மட்டும் நிற்கிறார், வ.உ.சி.க்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. சிவாவாக நடித்த டி.கே. சண்முகம் அந்த இடத்தில் குரலை உயர்த்துவதே இல்லை. படத்தில் இடறுவது வ.உ.சி.யின் தோழர் மாடசாமியின் காதல் பகுதி. ஜெமினியும் சாவித்திரியும் நன்றாகத்தான் செய்கிறார்கள், ஆனால் கதை அங்கே நின்றுவிடுகிறது.

செஞ்சியை ஆண்ட தேசிங்கின் கதை நமக்கு மிக அருகில் உள்ளது. 1714-இல் செஞ்சிக்குப் படை கொண்டுபோனவர் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான். தேசிங்கின் ராணி நினைவாக அவர் அமைத்ததுதான் ராணிப்பேட்டை என்பது வழிவழிச் செய்தி. சண்டைக்குக் காரணம் கப்ப பாக்கி. படமோ எம்.ஜி.ஆருக்கு தேசிங்கு, தாவூத்கான் என இரட்டை வேடம் கொடுத்து, பாக்கித் தகராறைச் சகோதரக் கதையாக்கிவிட்டது. பாட்டுக்காகப் பார்க்கலாம், பாடத்துக்கு வேண்டாம்.

என் தேர்வு கப்பலோட்டிய தமிழன்தான். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். பள்ளியில் முழுதாகப் போட்டால் பாதியில் பிள்ளைகள் நெளிவார்கள். கைதிலிருந்து விடுதலை வரை மட்டும் போதும். சிறைக் காட்சிகள் இருட்டானவை, ஜன்னல் வெளிச்சத்தில் திரையில் ஒன்றும் தெரியாது. திரைச்சீலை இல்லாத அறை என்றால் மாலைக்குத் தள்ளுங்கள். கட்டபொம்மன்தான் வேண்டும் என்று தலைமையாசிரியர் பிடிவாதம் பிடித்தால், 1792, 1798, 1799 என்ற ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி சொல்லிவிட்டு ராமநாதபுரக் காட்சியைப் போடுங்கள். கீழே 1806 என்றும் எழுதுங்கள்: கயத்தாற்றுக்கு ஏழாண்டு கழித்து, புதுத் தலைப்பாகை உத்தரவை எதிர்த்து நம் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தபோது, அடக்கக் குதிரைப்படை கிளம்பியதும் இதே ஆற்காட்டிலிருந்துதான்.