சிம்ஸ் 4: எட்டுப் பேர் வீட்டில் நேரம் யார் கையில்?

வீடு கட்டுவது, முகம் வடிப்பது, துணிமணி தேர்ந்தெடுப்பது எல்லாம் சிம்ஸ் 4-இல் அருமை. அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை, அதனால் இங்கே அதைப் பற்றி எழுதப் போவதில்லை. நாம் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டால் அந்த வீட்டு மனிதர்கள் தங்கள் நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் இந்த விமர்சனம். வாழ்க்கையை ஆடிப் பார்க்கும் ஒரு கேமுக்கு இதைவிட முக்கியமான விஷயம் இல்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

2014-இல் வந்த கேம் இது. 2022 அக்டோபரிலிருந்து அடிப்படை கேம் இலவசம், கூடுதல் பேக்குகளுக்குத்தான் காசு. அதனால் பணம் வீணாகிவிடுமோ என்ற பயம் இல்லாமல் யார் வேண்டுமானாலும் இறக்கி ஆடிப் பார்க்கலாம். நானும் என் தங்கச்சியும் சேலத்தில் ஒரே லேப்டாப்பில் மாறி மாறி ஆடுகிறோம். நாங்கள் கட்டிய முக்கியமான வீடு, அம்மாபேட்டையில் இருக்கும் எங்கள் பெரியப்பா வீட்டை அப்படியே பார்த்துச் செய்தது. தாத்தா, பாட்டி, பெரியப்பா, பெரியம்மா, அண்ணன், அண்ணி, ரெண்டு பிள்ளைகள். மொத்தம் எட்டுப் பேர், இந்த கேமில் ஒரு வீட்டுக்கு அனுமதிக்கும் உச்ச வரம்பும் அதுதான்.

இனி கணக்குப் போட்டுப் பாருங்கள். கேமில் ஒரு நிமிடம் ஓட நம் கடிகாரத்தில் ஒரு விநாடி ஆகும், ஒரு முழு நாள் 24 நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த 1440 விநாடியை எட்டுப் பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு மூன்று நிமிடம் நம் கவனம் கிடைக்கும். அந்த மூன்று நிமிடத்துக்குள் ஒருவரைக் குளிக்க வைத்து, சாப்பிட வைத்து, வேலைக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் பிள்ளையோடு பேச வைத்து, தூங்க வைக்க வேண்டும். நேரத்தை நிறுத்திவைத்து ஒவ்வொருவருக்கும் கட்டளை கொடுக்கலாம்தான், ஆனால் அப்படி ஆடினால் குடும்பத்தோடு வாழ்கிற உணர்வு போய் ஆபீஸில் வருகைப் பதிவேடு பார்க்கிற உணர்வு வந்துவிடுகிறது. ஆக, பெரிய குடும்பம் வைத்து ஆடுகிறவர்களுக்கு அந்த ஆட்கள் தாங்களாகவே நாளைக் கடத்தும் திறமை கட்டாயம் தேவை. கூட்டுக் குடும்பத்தை உருவாக்கிப் பார்க்க ஆசைப்படும் நம் ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் தேவை.

சிம்ஸ் 4 இதை எப்படிச் செய்கிறது? ஆட்களுக்கு ஆறு தேவைகள்: பசி, தூக்கம், கழிவறை, சுத்தம், பொழுதுபோக்கு, மற்றவர்களோடு பேச்சு. எது குறைகிறதோ அதைத் தீர்க்கத் தாங்களாகவே போவார்கள். பசித்தால் ஃப்ரிட்ஜைத் திறப்பார்கள், வேலை நேரம் வந்தால் நாம் சொல்லாமலே கிளம்பிவிடுவார்கள். இந்த அளவுக்கு ஒழுங்காகவே இருக்கிறது. நாள் முழுக்கத் தொடாமல் விட்டாலும் பெரும்பாலும் யாரும் பட்டினியில் சாக மாட்டார்கள்.

தேவைகள் எல்லாம் பச்சையாக நிறைந்திருக்கும் நேரத்தில்தான் குறை தெரிகிறது. அப்போது அவர்களுக்கு என்ன செய்வதென்றே தெரிவதில்லை. யாராவது பாட்டுப் பெட்டியைப் போட்டால் எல்லோரும் போய் ஆடுவார்கள், கம்ப்யூட்டர் இருந்தால் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள், சமையலறையில் நல்ல தொட்டி இருந்தும் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் குளியலறை வாஷ்பேசினில் கழுவுவார்கள் (இது உலகம் முழுக்க ஆடுபவர்கள் பல வருஷமாகச் சொல்லி வரும் குறை). தாத்தாவும் பேரனும் ஒரே மாதிரிப் பொழுதைக் கழிக்கிறார்கள். ஒவ்வொரு பெரியவருக்கும் மூன்று குணங்கள் தேர்ந்தெடுக்கலாம். நேர்த்தியானவர் என்று வைத்தால் அவர் சுத்தம் செய்வதில் மகிழ்வார், சோம்பேறி என்று வைத்தால் வீட்டு வேலை செய்யும்போது முகம் சுளிப்பார். ஆனால் அந்தக் குணம் அவருடைய நாளின் வடிவத்தை மாற்றுவதில்லை. யார் விடியற்காலையில் எழுவார், யார் எல்லோரும் தூங்கிய பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டு படிப்பார் என்பதெல்லாம் நாம் கையால் செய்துவைத்தால்தான் உண்டு.

இதைவிட என்னை உறுத்துவது ஆசைகள் விஷயம். 2022 ஜூலை அப்டேட்டில் ஆசைகளும் பயங்களும் சேர்ந்தன. அண்ணிக்கு ஒரு புத்தகம் எழுத வேண்டும் என்ற ஆசை திரையில் குமிழாகத் தெரிகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் ஓய்வு நேரம் கிடைக்கும்போது அந்த ஆசையை மனதில் வைத்துக்கொண்டு அவர் எழுந்து போய் எழுதுவதில்லை. அவருக்கு ஆசை வந்தது நமக்குத் தெரிகிறது, நாம் கிளிக் பண்ணினால்தான் நடக்கிறது. சொந்த ஆசைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கத் தெரியாத ஆளை எப்படித் தனி மனிதராக நினைப்பது?

இதற்குக் காரணம் இந்தத் தொடரின் அடித்தளத்திலேயே இருக்கிறது. 2000-இல் கேம் வடிவமைப்பாளர் வில் ரைட்டும் மேக்ஸிஸ் நிறுவனமும் முதல் சிம்ஸை வெளியிட்டபோது, புத்தியை ஆட்களுக்குள் வைக்காமல் பொருட்களுக்குள் வைத்தார்கள். ஃப்ரிட்ஜ் "என்னிடம் வந்தால் பசி தீரும்" என்று அறிவித்துக்கொண்டே இருக்கும், கட்டில் "இங்கே வந்தால் களைப்பு தீரும்" என்று அறிவிக்கும். ஆள் தனக்கு இப்போது எது குறைவு, எது பக்கத்தில் இருக்கிறது என்று எடை போட்டு, முன்னணியில் வரும் சிலவற்றில் ஒன்றைப் பொறுக்கிக்கொள்வார். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு இது அபாரமான யோசனை, புதுப் பொருள் ஒன்றைச் சேர்த்தால் ஆட்களுக்கு அதைப் பயன்படுத்தத் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதே இல்லை. உருவாக்கும்போது ஆட்கள் தாங்களாகவே ரொம்ப நன்றாக வாழ்ந்துவிட்டார்கள், ஆடுபவருக்கு வேலை இல்லாமல் போகும் என்பதால் வேண்டுமென்றே அவர்களை மட்டுப்படுத்தினார்கள் என்பதும் தெரிந்த வரலாறு. அந்த முடிவு அன்றைக்குச் சரி. ஆட்கள் தானே எல்லாவற்றையும் செய்துகொண்டால் நாம் எதற்கு?

ஆனால் அந்த முறைக்கு ஒரு எல்லை இருக்கிறது. அதற்கு "இப்போது" மட்டும்தான் தெரியும். நேரத்தைப் பங்கு போடுவது என்றால் வரப்போவதைத் தெரிந்துவைத்திருப்பது. எங்கள் தெருவில் மேட்டூர்த் தண்ணீர் வரும் நாளில் யாருக்கும் அந்த நிமிடத்தில் தாகம் இருக்காது, ஆனாலும் அம்மா முந்தின ராத்திரியே குடங்களைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார், சமையலை முன்னாலேயே முடிப்பார், யார் மோட்டார் போடுவது, யார் வாசலில் நிற்பது என்பது பேசாமலே பங்காகிவிடும். சிம்ஸ் ஆளுக்கு இது வராது. இன்னும் ஒரு மணி நேரத்தில் வேலைக்குப் போக வேண்டியவர் களைப்பு கொஞ்சம் கூடியது என்பதற்காகப் படுக்கப் போவார். பண்டிகை நாளை மறுநாள் என்று தெரிந்தும் வீட்டில் ஒருவரும் முன்கூட்டி எதையும் தொடங்க மாட்டார்கள். சீசன்ஸ் பேக்கில் நாமே பண்டிகை உருவாக்கலாம், தங்கச்சி கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவை மனதில் வைத்து ஒரு நாளை உருவாக்கினாள், சடங்குகளையும் அழகாகத் தேர்ந்தெடுத்து வைத்தாள். அன்றைக்குக் காலை வரை அந்த வீடு ஒரு சாதாரண வீடாகவே இருக்கும்.

ஷிப்ட் விஷயமும் சொல்ல வேண்டும். என் மாமா சேலம் ஸ்டீல் பிளாண்ட்டில் ஷிப்டில் வேலை பார்த்தவர். ஷிப்ட் மாறினால் வீட்டில் எல்லோருடைய சாப்பாட்டு நேரமும், டிவி சத்தமும், பிள்ளைகள் விளையாடும் இடமும் மாறும். கேமில் வேலை நேரம் பதவியோடு ஒட்டிக்கொண்டது, சுழற்சி ஷிப்ட் கிடையாது. ஒருவர் பகலில் தூங்குகிறார் என்பதற்காக மற்றவர்கள் தங்கள் நாளை நகர்த்திக்கொள்வதும் கிடையாது. தறி ஓட்டும் வீடுகள், கொலுசுப் பட்டறைகள் நிறைந்த ஊரில் வளர்ந்த எனக்கு, வேலையும் வீடும் ஒரே கூரையின் கீழ் நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்வதுதான் பார்த்துப் பழகிய காட்சி. அதை இந்த கேமில் கொண்டுவரவே முடியவில்லை, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

தங்கச்சிக்கு நேர் எதிர்க் கருத்து. அவள் அமைப்புகளுக்குள் போய் ஆட்டோனமியை, அதாவது ஆட்கள் தாங்களாகவே நடந்துகொள்ளும் வசதியை, முழுக்க அணைத்துவிடுவாள். "அக்கா, நான் கதை சொல்லிட்டு இருக்கேன், நடுவுல அவங்க போய் டான்ஸ் ஆடினா கதை எப்படி நிக்கும்?" என்பாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரே ஒரு ஆளை வைத்து, ஒவ்வொரு காட்சியையும் தானே அமைத்து ஆடுகிறவர்களுக்கு அணைத்துவைப்பதுதான் நல்லது. நாம் தேர்ந்தெடுத்திருக்கும் ஆளுக்கு மட்டும் அணைத்துவிட்டு மற்றவர்களைச் சுதந்திரமாக விடும் வசதியும் இருக்கிறது, அது அருமையான வசதி, பலர் கவனிப்பதே இல்லை. ஆனால் முழுக்க அணைத்த வீட்டில் ஒருவரைப் பார்க்கும்போது இன்னொருவர் நின்ற இடத்திலேயே நின்று களைத்து மயங்கி விழுவார். கட்டளை வரும் வரை நிற்கும் பொம்மைகளாகப் பெரியப்பா குடும்பத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

என் கருத்து இதுதான். சாப்பிடுவது, தூங்குவது, குளிப்பது, நேரத்துக்குக் கிளம்புவது எல்லாம் முழுக்க அவர்கள் பொறுப்பு, அதில் நம்மைத் தொந்தரவு செய்யவே கூடாது. யாரைக் கல்யாணம் செய்வது, வேலையை விடுவதா, ஊரை விட்டுப் போவதா என்பதெல்லாம் நம் கையில் இருக்க வேண்டும். இந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கும் சாதாரண நாள்தான் சிக்கல், அதைக் குணமும் நாம் வரையும் கால அட்டவணையும் சேர்ந்து நடத்த வேண்டும். சிம்ஸ் 4 இதைத் தலைகீழாகச் செய்திருக்கிறது என்பதுதான் என் பெரிய புகார். 2021 கடைசியில் வந்த அக்கம்பக்கக் கதைகள் வசதி, நாம் ஆடாத வீடுகளில் ஆட்கள் தாங்களாகவே வேலை மாற, வீடு மாற, பிள்ளை தத்தெடுக்க விடுகிறது. வாழ்க்கையின் பெரிய முடிவை எடுக்கத் தெரிந்தவர்களுக்கு மத்தியானம் என்ன செய்வதென்று தெரியவில்லை! நல்லவேளை, அதை வீடு வாரியாக, விஷயம் வாரியாக நிறுத்தலாம்.

வேறு கேம்கள் இதை நன்றாகச் செய்திருக்கின்றன என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 2009-இல் வந்த சிம்ஸ் 3-இல் ஐந்து குணங்கள் வைக்கலாம், சுதந்திரத்தைக் கூட்டவும் குறைக்கவும் படிப்படியான அளவுகோல் இருந்தது, ஊரே திறந்து கிடந்தது, அதனால் ஆள் தானாகக் கிளம்பி எங்காவது போவது இயல்பாகத் தெரிந்தது. ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமில் ஊர்க்காரர்கள் நாள், பருவம், மழை பார்த்து அட்டவணைப்படி நடப்பார்கள், பியர் என்பவரின் மளிகைக் கடை புதன்கிழமை மூடியிருக்கும், அந்த ஒரு விஷயத்திலேயே அது உண்மையான ஊர் என்று தோன்றிவிடும். ஆனால் அவர்கள் எழுதி வைத்தபடி மட்டும்தான் நடப்பார்கள்.

நான் தேடுவதற்கு மிக நெருக்கமாக வருவது ரிம்வேர்ல்ட். ஆச்சரியமாக இருக்கும், அது ஏதோ வேற்றுக் கிரகத்தில் உயிர் பிழைக்கும் கேம். அதில் ஒவ்வொருவருக்கும் 24 கட்டங்கள் கொண்ட அட்டவணை உண்டு, எந்த மணி தூக்கம், எது வேலை, எது பொழுதுபோக்கு, எது அவர் விருப்பம் என்று வண்ணம் பூசிவிடலாம். எந்த வேலையை முதலில் செய்ய வேண்டும் என்று 1 முதல் 4 வரை எண் கொடுக்கலாம். அப்புறம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இரவில் விழித்திருக்கும் குணம் உள்ளவரைப் பகலில் விழிக்க வைத்தால் மனம் கெட்டுப்போகும், இரவில் விட்டால் மகிழ்ச்சியாக இருப்பார். குணமும் நேரமும் இப்படித்தான் ஒன்றோடொன்று பிணைந்திருக்க வேண்டும். இந்த அட்டவணையை மட்டும் சிம்ஸ் எடுத்துக்கொண்டால் எங்கள் எட்டுப் பேர் வீடு உயிரோடு எழுந்து நடக்கும்.

2025 மார்ச்சில், முழுமையாகும் முன்பே ஆடிப் பார்க்கும் பதிப்பாக (early access) வந்த இன்ஸாய் என்ற இதே வகை கேம் இன்னொரு வழியில் போகிறது. சிறிய ஏஐ மொழி மாடல் ஒன்றை நம் கம்ப்யூட்டரிலேயே ஓட்டி, ஆட்களை யோசித்து நடக்க வைக்க முயல்கிறார்கள். ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன். மனதில் ஓடும் எண்ணம் எழுத்தாகத் தெரிவது பிடித்திருந்தது. ஆனால் நல்ல என்விடியா கிராபிக்ஸ் கார்டு வேண்டும், எங்கள் லேப்டாப்புக்கு அது எட்டாது.

சரி, சிம்ஸ் 4 ஆடலாமா? தாராளமாக ஆடலாம், ஆட்கள் நேரத்தை நடத்தும் விதத்துக்கு மட்டும் பத்துக்கு ஐந்து தருவேன். புதிதாகத் தொடங்குபவர்கள் மூன்று பேர் வீட்டோடு ஆரம்பியுங்கள், மூன்று பேர் என்றால் ஆளுக்கு எட்டு நிமிடம் கிடைக்கும், அது போதும். பாட்டுப் பெட்டியையும் கம்ப்யூட்டரையும் எல்லோரும் நடமாடும் கூடத்தில் வைக்காமல் தனி அறையில் வையுங்கள், தூரம் கூடினால் ஈர்ப்பு குறையும். குளியலறையில் தட்டு கழுவும் தொல்லை தாங்கவில்லை என்றால் அதைக் குறைக்க இலவச மோட்கள் (ஆடுபவர்களே செய்து பகிரும் கேம் மாற்றங்கள்) கிடைக்கின்றன, ஆனால் ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகும் மோட்டின் புதுப் பதிப்பு வந்த பிறகு மட்டும் கேமைத் திறங்கள். அக்கம்பக்கக் கதைகளை உங்கள் சொந்த வீடுகளுக்கு முதல் நாளே அணைத்துவிடுங்கள்.